ஒரு டாலர் வாடகை

நியூயார்க்கில் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் முனையில் குப்பைமேடாகக் கிடந்தது ஒரு மனை. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் அதைக் கூட்டி அள்ளிப் பாத்தி கட்டினார்கள். தங்களுக்குப் ‘பசுமை கெரில்லாக்கள்’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். மறுவருடமே மாநகராட்சி அந்த இடத்தை அவர்களுக்கு மாதம் ஒரு டாலர் வாடகைக்கு விட்டது. தாராள மனது என்று நினைத்துவிட வேண்டாம். நகரமே திவாலாகும் நிலையில் இருந்த காலம் அது. உரிமையாளர்கள் கைவிட்டுப் போன கட்டடங்கள் வரிபாக்கிக்காக அரசின் தலையில் விழுந்துகொண்டிருந்தன. இடிபாடுகளை அள்ளக்கூட ஆளில்லை.

இத்தகைய தெருத் தோட்டங்களுக்காக 1978இல் மாநகராட்சி கொண்டுவந்த கிரீன்தம்ப் திட்டமும் அந்த நிதி வறட்சியில் முளைத்ததுதான். மண், பலகை, கருவிகள், பயிற்சி ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. என்ன நடுவது, எப்படி நடத்துவது என்பது தெருக்காரர்கள் பாடு. இந்தப் பங்கீட்டில்தான் அதன் பலம் இருக்கிறது. தெற்கு பிராங்க்ஸில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ மக்கள் தோட்டத்துக்குள்ளேயே ‘காசிட்டா’ என்ற சின்ன மரவீட்டைக் கட்டினார்கள். அங்கே சமைத்தார்கள், கொட்டடித்துப் பாடினார்கள், டோமினோ ஆடினார்கள். எந்தப் பூங்காத் துறை வரைபடத்தில் இதற்கு இடம் இருந்திருக்கும்?

ஆனால் உழைப்பு மக்களுடையது, நிலம் அரசுடையது. 1999இல் மேயர் ஜூலியானி நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். வீடு கட்ட நிலம் வேண்டும் என்ற வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். வாடகையில் மூச்சுத் திணறும் ஊர் அது. ஆனால் அதிக விலை கேட்பவருக்கு விற்றால் அங்கே எழும் வீட்டில் ஏழை எப்படிக் குடியேறுவார்? போராட்டமும் வழக்கும் ஏலத்தை நிறுத்திவைத்தன. கடைசியில் நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்டும் அந்தத் தோட்டங்களை விலைகொடுத்து வாங்கின. இருபது வருடம் மண் சுமந்தவர்களுக்கு அந்தப் பேரத்தில் கலந்துகொள்ளக் காசில்லை.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. வோய்கு, பீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தோட்டங்களைச் சுற்றி வீட்டு விலை ஏறியதைக் காட்டியது. ஏழைப் பகுதிகளில்தான் ஏற்றம் மிக அதிகம். சொந்த வீட்டுக்காரருக்கு அது லாபம். பாத்திக்கு நீர் ஊற்றிய வாடகைக்காரரின் நிலை என்ன? தெருவை அழகாக்கியதே அவரைத் தெருவிலிருந்து கிளப்பிவிடக்கூடும்.

வாயிற்கதவின் சாவி யாரிடம் என்ற கேள்வியும் உண்டு. பத்துப் பேர் பராமரிக்கும் தோட்டம் மெல்ல அந்தப் பத்துப் பேரின் கொல்லைப்புறமாகிவிடும். அதனால்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டிய நேரத்தைக் கிரீன்தம்ப் விதியாகவே வைத்திருக்கிறது. மாநகராட்சி தலையிட வேண்டிய இடம் இதுதான், செடித் தேர்வில் அல்ல.

இன்று கிரீன்தம்பின் கீழ் 550க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் நிலம் இப்போதும் மாநகராட்சியின் பெயரில்தான் இருக்கிறது.