பந்தை விட்டுவிட்டு ஸ்டாப்பரைப் பாருங்கள்

பிரான்ஸ் அணிக்காக லிலியன் துராம் 142 ஆட்டங்கள் ஆடினார். போட்ட கோல் இரண்டே இரண்டு. இரண்டும் ஒரே ஆட்டத்தில் விழுந்தவை: 1998 ஜூலை 8, உலகக் கோப்பை அரையிறுதி, எதிரணி குரோஷியா. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்களின் வீடுகளில் துராம் பேச்சு எடுத்தால் அந்த இரண்டு கோலைத்தான் முதலில் சொல்வார்கள். மீதி 141 ஆட்டங்களில் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள், யாரும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள். சொல்வது கஷ்டம்தான். விழ வேண்டிய கோல்களை விழாமல் செய்தார். நடக்காமல் போனதை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

அதே வருஷம் செப்டம்பர் 5, ஹனோய். டைகர் கோப்பை இறுதி ஆட்டத்தில் வியட்நாமை 1-0 என்று சிங்கப்பூர் வென்றது. அந்த ஒரு கோல் ஆர். சசிகுமார் என்ற தடுப்பாட்டக்காரரின் தோளில் பட்டு உள்ளே போனது. சொந்த ஊர்க் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில் வியட்நாமை ஒரு கோல்கூடப் போடவிடாமல் அந்தப் பின்வரிசை தொண்ணூறு நிமிஷம் நின்றது. ஆனால் பேசப்படுவது தோள்பட்டை மட்டும்.

நம்முடைய கதை இன்னும் பெரியது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. பத்தொன்பதாம் நாள், செப்டம்பர் 4 அன்று, ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வென்று கால்பந்தில் தங்கம் வாங்கியது. கோல் கம்பத்தில் நின்றவர் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். இரண்டு கோல்களில் ஒன்று ஜர்னைல் சிங் போட்டது. அவர் ஸ்டாப்பர், அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். தாய்லாந்து ஆட்டத்தில் தலை உடைந்து தையல் போட்டிருந்ததால், பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். தலையில் தையலோடு ஆடி அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் போட்டார். வீரக் கதைதான், சந்தேகமில்லை. ஆனால் ஜர்னைல் முன்னே போனதும் காலியான அந்த நடு இடத்தில் நின்று கொரியர்களைத் தடுத்தது யார்? அருண் கோஷ். இந்தப் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று பாருங்கள்.

தடுப்பாட்டத்தை ரசிக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோல் போட்டவன் பக்கமே கண் போய்ப் பழகிவிட்டது. இதைப் பழக்கத்தால் மாற்றலாம்.

முதலில் நிற்கும் இடம். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரிகள் போய்வரும் சாலையைத் தாண்டி ஏதாவது ஒரு மண் திடலில் சாயங்கால ஆட்டம் நடந்தால், எல்லோரும் நடுக்கோட்டுப் பக்கம்தான் கூடுவார்கள். நீங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால், கொஞ்சம் ஓரமாகப் போய் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும். உப்பளம் மைதானம் என்றால் கேலரியில் மேலே ஏறி உட்காருங்கள். தொலைக்காட்சி இதற்கு உதவாது. காமிரா பந்தின் பின்னாலேயே ஓடும்.

பிறகு ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டாப்பராக இருந்தால் நல்லது. பத்து நிமிஷம் பந்து எங்கே போனாலும் கண்ணை அவரிடமிருந்து எடுக்கக் கூடாது. முதல் இரண்டு நிமிஷம் பொறுமையைச் சோதிக்கும். அப்புறம் அவருடைய கழுத்து கண்ணில் படும். நல்ல ஸ்டாப்பர் பந்தைப் பார்ப்பார், உடனே தோளுக்குப் பின்னால் திரும்பி எதிராளி எங்கே என்று பார்ப்பார், மறுபடி பந்து. பந்து தன் பக்கம் வருவதற்குள் எத்தனை முறை திரும்புகிறார் என்று எண்ணுங்கள். திரும்பாதவர் சீக்கிரமே ஏமாறுவார்.

அடுத்து இடுப்பு. பந்தோடு ஒருவன் ஓடி வரும்போது ஸ்டாப்பர் அவனுக்கு நேராக மார்பைக் காட்டி நின்றால் காலிடுக்கில் பந்து போய்விடும். கை தேர்ந்தவர் பக்கவாட்டில் நிற்பார், முட்டி மடங்கியிருக்கும், பின்வாங்கிக்கொண்டே இருப்பார். பார்க்கிறவர்களுக்குப் பயந்து ஒதுங்குவது போலத் தோன்றும். கூட்டம் ‘போய் எடு, எடு’ என்று கத்தும். அவர் எடுக்க மாட்டார். கபடி தெரிந்தவர்களுக்கு இது புரியும். பாடி வருகிறவனை உடனே பாய்ந்து பிடிக்கிற அணி புள்ளியை இழக்கும். வழி விட்டு, மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், அவன் கால் ஊன்ற இடமில்லாத போது அமுக்குகிற அணி ஜெயிக்கும். ஸ்டாப்பரும் எதிராளியைக் கோட்டோரம் தள்ளுகிறார், வராத காலுக்குப் பந்தை மாற்ற வைக்கிறார். கடைசியில் அவர் காலை நீட்டிப் பந்தைத் தட்டுவது ஒரு நொடி வேலை. உழைப்பெல்லாம் அதற்கு முந்தைய ஐந்து நொடியில் முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்: சறுக்கி விழுந்து செய்கிற டேக்கிள் எனக்குப் பெரிய அழகாகத் தெரிவதில்லை. பெரும்பாலும் அது தாமதமாக வந்தவர் செய்கிற வேலை. சட்டை அழுக்காகாமல் ஆட்டம் முடித்த ஸ்டாப்பரை நான் அதிகம் மதிக்கிறேன்.

‘ஸ்டாப்பர்’ என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. 1925 வரை ஆஃப்சைடு ஆகாமல் இருக்க முன்வரிசை ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அந்த வருஷம் இரண்டு பேர் போதும் என்று விதியை மாற்றினார்கள். கோல்கள் கொட்டின. அதைத் தடுக்க, நடுவில் ஆடிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபை இரண்டு பேக்குகளுக்கு நடுவே இறக்கினார்கள். ஆர்சனலின் ஹெர்பர்ட் சாப்மன் அதை ஒரு முறையாகவே ஆக்கினார். நம் மைதானங்களில் கேட்கும் அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. அந்த விதி இன்னும் ஸ்டாப்பரின் ஆயுதமாகவும் இருக்கிறது. பின்வரிசையின் நான்கு பேரும் ஒரே நேரத்தில் இரண்டடி முன்னே நகர்ந்தால் எதிராளி ஆஃப்சைடில் சிக்குவான். யார் கையை அசைத்தது, யார் குரல் கொடுத்தது என்று கவனியுங்கள். பின்வரிசையின் தலைவன் யார் என்று அப்போது தெரியும்.

தொழில்முறை ஆட்டத்தில் இவர்களுடைய வாழ்க்கையும் வேறு மாதிரிதான். முன்வரிசைக்காரருக்குக் கால் வேகம் குறைந்தால் கதை ஏறக்குறைய முடிந்தது. ஸ்டாப்பருக்கோ ஆட்டத்தைப் படிக்கிற அறிவு வயதோடு ஏறும். ஃபாபியோ கன்னவாரோ 2006இல் பாலோன் தோர் விருது வாங்கியபோது அவருக்கு வயது 33. உயரம் ஒன்றே முக்கால் மீட்டர்தான், ஆனாலும் தன்னைவிட உயரமானவர்களை மீறித் தலையால் பந்தை அடித்தார். எப்போது குதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திருச்சிக்காரரான தர்மராஜ் ராவணன் ஐ.எஸ்.எல்.லில் புனே சிட்டிக்கும், பிறகு ஐ லீக்கில் சென்னை சிட்டிக்கும் பின்வரிசையில் ஆடினார். இப்படிப்பட்டவர்களின் விவரப் பட்டியலில் கோல் என்ற கட்டத்தில் பெரும்பாலும் சின்ன எண்தான் இருக்கும். தடுத்தவற்றில் பெரும்பகுதியை எழுத அதில் கட்டம் கிடையாது. அதை நம் கண்தான் எழுதிவைக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் திடலில் ஆட்டம் முடிந்ததும், கோல் போட்ட பையனைத் தட்டிக்கொடுக்க ஒரு கூட்டமே ஓடும். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்கும் ஸ்டாப்பரிடம் போங்கள். ‘நல்லா ஆடின தம்பி’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த நிமிஷத்தில், யாரை, எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார் என்று நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்.