கற்பனை நாட்டுக் கடிகாரம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை ஒன்று எழுதினேன். எந்தத் தேசப் படத்திலும் இல்லாத ஒரு மலைநாடு. அதற்கு ஒரு ராஜா. ராஜாவுக்கு ஒரு பெண். அந்தப் பெண் ஒரு நாள் நந்தவன வாசலில் நின்ற வாலிபனிடம், “ஐந்து நிமிஷம் பொறுங்கள், வந்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுவாரம் ஒரு வாசகரிடமிருந்து தபால் கார்டு வந்தது. ‘தங்கள் நாட்டில் கடிகாரமே கிடையாது என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் நிமிஷத்தை எதைக் கொண்டு அளந்தாள்?’ அவ்வளவுதான் கார்டில் இருந்தது.

கதை புத்தகமாக வந்தபோது திருத்தினேன். நிமிஷம் என்று இருந்த இடத்திலெல்லாம் நாழிகை என்று போட்டேன். அதற்கும் அதே கையெழுத்தில் ஒரு கார்டு வந்து சேர்ந்தது. ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். ஐந்து நாழிகை என்றால் முழுசாக இரண்டு மணி நேரம். பாவம், அந்தப் பையனை அவ்வளவு நேரமா வெயிலில் நிறுத்துவது என்று கேட்டிருந்தார். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன் நான். கணக்கு எனக்கு என்றுமே வந்ததில்லை. ஆனால் அவர் கேட்டது கணக்கைப் பற்றிய கேள்வி அல்ல என்பது எனக்குப் புரிந்தது. ‘நீர் அந்த நாட்டுக்குப் போயிருக்கிறீரா, இல்லையா?’ என்பதுதான் அவர் கேட்டது.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, கற்பனை நாடுகளைப் படைத்த சிலரை மறுபடியும் படித்துப் பார்த்தேன். நாட்டின் பெயர், கொடி, ராஜாவின் தலைப்பாகை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் சிருஷ்டித்துவிடலாம். அந்த ஊர் ஜனங்கள் பொழுதை எப்படி எண்ணுகிறார்கள், எதை எதால் அளக்கிறார்கள் என்று சொல்லவரும்போதுதான் ஆசிரியரின் குட்டு வெளிப்படுகிறது.

தாமஸ் மோர் 1516-ல் எழுதிய ‘உடோபியா’வில் நாள் ஒழுங்கு கச்சிதமாக இருக்கிறது. நாள் ஒன்றுக்கு 24 மணி. உழைப்பு ஆறு மணி மட்டும். நடுப்பகலுக்கு முன் மூன்று, சாப்பாடும் இரண்டு மணி ஓய்வும் ஆனபின் மூன்று. தூக்கம் எட்டு மணி. ஆசைப்படத் தக்க ஏற்பாடுதான். ஆனாலும் படிக்கும்போது ஒரு நல்ல மாணவர் விடுதியின் அறிவிப்புப் பலகையைப் படிப்பது போல் இருக்கிறதே தவிர, அங்கே ஒருவனாவது வேலைக்குப் பிந்தி வந்து திட்டு வாங்கியதாகத் தோன்றவில்லை. சாமுவேல் பட்லர் 1872-ல் வெளியிட்ட ‘எர்வோன்’ அதைவிட உயிருள்ளது. யந்திரங்களை எல்லாம் ஒழித்துக்கட்டிய அந்த நாட்டில், யாத்திரிகனின் சட்டைப் பையில் ஒரு கடிகாரம் அகப்படுகிறது. அதைக் கண்டு அதிகாரியின் முகம் மாறுகிற இடம் அருமையாக அமைந்திருக்கிறது. பிறகு பட்லர் யந்திரங்களைப் பற்றி உபந்நியாசம் செய்யப் போய்விடுகிறார். கதை காத்துக்கொண்டு நிற்கிறது.

ஸ்விஃப்டின் விஷயம் வேறு. 1726-ல் வந்த ‘கலிவரின் யாத்திரை’களை நாம் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டோம். அது நாம் செய்த பெரிய அநியாயம். லில்லிபுட் அதிகாரிகள் கலிவரின் பைகளைச் சோதனை போட்டு ராஜாவுக்கு எழுதும் அறிக்கையைப் பாருங்கள். கடிகாரம் அவர்களுக்கு ஓயாமல் சத்தமிடும் ஒரு விசித்திரப் பொருள். அது ஏதோ பிராணியாக இருக்கலாம், அல்லது இந்த மனிதன் கும்பிடும் தெய்வமாக இருக்கலாம். தெய்வமாக இருக்கவே இடமிருக்கிறது, ஏனென்றால் அதைக் கேட்காமல் தான் அநேகமாக எதுவும் செய்வதில்லை என்று அவனே சொல்கிறான் என்று எழுதுகிறார்கள். சிரித்துவிட்டுத் தாண்டிப் போகலாம். சிரித்து முடித்த பிறகு நம் கை தானாகவே மணிக்கட்டுக்குப் போகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். லில்லிபுட் மந்திரி பேசும்போது கட்சிச் சண்டை எழுபது சந்திரன்களாக நடக்கிறது, யுத்தம் முப்பத்தாறு சந்திரன்களாக நடக்கிறது என்று சொல்கிறார். அதே நாட்டின் சக்கரவர்த்திக்கு என்ன பிராயம் என்று கலிவர் சொல்லும்போது மட்டும் வருஷக் கணக்கு வருகிறது. முதல் தடவை படித்தபோது ஆசிரியரின் மறதி என்று நினைத்தேன். மறதி இல்லை. யார் பேசுகிறார்களோ அவர்களுடைய அளவுகோல். என் மலைநாட்டுப் பெண் பேசியது என் கைக்கடிகாரத்தின் அளவுகோலில்.

அந்தக் குள்ள மனிதர்கள் கணக்கில் புலிகள். கலிவரின் உயரம் தங்களைப் போல் பன்னிரண்டு மடங்கு என்று கண்டு, அவன் உடம்பு தங்கள் உடம்புகள் எத்தனைக்குச் சமம் என்று கூட்டிப் பார்த்து, அத்தனை பேருக்கான சாப்பாட்டை அவனுக்குப் படியளக்கிறார்கள். பன்னிரண்டை மூன்று முறை பெருக்கினால் 1,728. சில பதிப்புகளில் 1,724 என்று அச்சாகியிருக்கிறது. நாலு பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை! இது வரையில் வேடிக்கை. ஆனால் அதே கணக்கு மெல்ல மெல்ல வேறு வேலைக்குத் திரும்புகிறது. இவனுக்குச் சோறு போட்டே பதினைந்து லட்சம் நாணயத்துக்கு மேல் செலவாகிவிட்டது என்று பொக்கிஷ மந்திரி முறையிடுகிறார். கடைசியில் அவன் கண்களைக் குருடாக்குவது, பட்டினி போட்டுச் சாகடிப்பது என்று சபையில் யோசனை நடக்கிறது. செத்த பிறகு ஐயாயிரம் ஆறாயிரம் பேர் இரண்டு மூன்று நாளில் சதையை அறுத்து வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்திவிடலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சோறு போட எண்ணிய அதே விரல்கள்தான் இதையும் எண்ணுகின்றன. ஸ்விஃப்ட் குரலை உயர்த்தவே இல்லை. எண்களை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறார்.

நான்காம் பாகத்தில் வரும் குதிரைகளின் நாட்டைச் சில விமரிசகர்கள் ஸ்விஃப்டின் லட்சிய உலகம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. அந்தக் குதிரைகள் சூரியனையும் சந்திரனையும் கொண்டு வருஷத்தைக் கணிக்கின்றன. வாரம் என்ற பிரிவு அவைகளுக்குக் கிடையாது. தாங்கள் சாகப்போகும் நாள் பத்து நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அதில் அநேகமாகத் தவறுவதில்லை. தெரிந்ததும் போய் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொள்கின்றன. அறிவு மட்டும் ஆளும் நாட்டில் மரணமும் குறித்த நேரத்தில் வரும் விருந்தாளி. அங்கே ஒரு பெண் குதிரை, வருவதாகச் சொன்ன வேளைக்கு வெகுநேரம் பிந்தி, ஒரு வீட்டுக்கு வருகிறது. அன்று காலையில் புருஷன் இறந்துவிட்டானாம்; உடலை எங்கே வைப்பது என்று வேலைக்காரர்களோடு யோசித்ததில் தாமதமாகிவிட்டதாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு மற்றவர்களைப் போலவே சந்தோஷமாக இருக்கிறது. அடுத்தபடி ஸ்விஃப்ட் ஒரே ஒரு தகவல் தருகிறார்: சுமார் மூன்று மாதங்களில் அதுவும் இறந்துபோனது.

அந்த மூன்று மாதத்தை எதற்காகச் சொல்ல வேண்டும்? கதைக்கு அது தேவையே இல்லை. துக்கம் என்பதே தெரியாது என்று சொல்லப்பட்ட ஒரு பிராணியின் துக்கம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். குதிரைகள் அதை எண்ணியிருக்கமாட்டா. எண்ணியவர் ஸ்விஃப்ட். இதைக் காட்டியபோது என் நண்பர் ஒருவர், ‘நீர் நாவல் எழுதுகிறவர், எங்கும் கண்ணீரைத் தேடுவீர்’ என்றார். இருக்கலாம். ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட ‘1984’-ல் கடிகாரங்கள் பதின்மூன்று அடிக்கின்றன. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது சாராயக் கடைக் கிழவன். அவன் பைன்ட் அளவில் பீர் கேட்கிறான்; கடைக்காரனுக்கு அந்த வார்த்தையே தெரியவில்லை. லிட்டரும் அரை லிட்டரும்தான் உண்டு. அரை லிட்டர் போதவில்லை, ஒரு லிட்டர் அதிகமாகிவிடுகிறது என்று கிழவன் புலம்புகிறான். புரட்சிக்கு முன் வாழ்க்கை நன்றாக இருந்ததா என்று தெரிந்துகொள்ள வின்ஸ்டன் அவனைக் குடைந்து குடைந்து கேட்கிறான். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றுதான் வின்ஸ்டனும் நினைக்கிறான். முதலில் புலம்பினானே, அதுதான் பதில்!

லிட்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1957-ல் நம் நாட்டிலும் அணா போய் நயா பைசா வந்தது. பிறகு படியும் ஆழாக்கும் போய் லிட்டர் வந்தது. அதனால் யார் வீட்டுக் கதவையும் நள்ளிரவில் தட்டவில்லை. 25 பைசா 2011-ல் செல்லாமற்போகும் வரையில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை நாலணா என்றே சொல்லிவந்தார்கள். ஆர்வெல் நாட்டில் அப்படிச் சொல்ல ஆள் மீதியில்லை. சாக்லெட் பங்கீட்டை முப்பது கிராமிலிருந்து இருபதாகக் குறைத்துவிட்டு, இருபதாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் விடுகிறார்கள்.

இவ்வளவு ஜாக்கிரதையாக எழுதிய ஆர்வெல் வின்ஸ்டனிடமும் ஒரு பழைய பொருளைக் கொடுக்கிறார். அவனும் ஜூலியாவும் ரகசியமாகச் சந்திக்கும் அறையில் பன்னிரண்டு மணி முகமுள்ள பழங்காலக் கடிகாரம் ஒன்று டிக்டிக் என்று ஓடுகிறது. கட்சியின் காலம் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது என்று நமக்கும் தோன்றுகிறது. பிடிபடும் அன்று தூங்கி எழுந்து அதைப் பார்த்து, இரவு எட்டரைதான் என்று வின்ஸ்டன் நினைக்கிறான். பிறகு, வெளிச்சம் அதிகமாக இருக்கிறதே, மறுநாள் காலை எட்டரையைத்தான் இரவு என்று எண்ணிவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகப்படுகிறான், அதற்குமேல் யோசிக்கவில்லை. அவன் வெறுத்த 24 மணிக் கணக்கு அதைச் சொல்லியிருக்கும். ஆசைப்பட்டு வைத்திருந்த கடிகாரத்தால் சொல்ல முடியவில்லை. இந்த இடத்தைப் படித்துவிட்டு அன்று வேறு எதையும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் கதையின் மூன்றாம் பதிப்புக்குப் புரூப் மேஜைமேல் கிடக்கிறது. அந்த வரியில் நாழிகையையும் அடித்துவிட்டேன். என்ன போடுவதென்று இன்னும் தீர்மானமாகவில்லை. அந்த மலைநாட்டில் ஆடு மேய்ப்பவர்கள் இருப்பதாக இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். அவர்களிடம் போய்த்தான் கேட்கவேண்டும்.