பொருளைக் கழற்றிவைத்த சொற்கள்

ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி. ஸ்கிராபிள் போட்டிகளில் ஊறிய ஒருவரிடம் இந்த ஏழு எழுத்துகளைச் சொல்லிப் பாருங்கள். ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஆன்ட்சியர், ஸ்டெய்னர், ரெட்சினா, ஸ்டியரின் என்று மூச்சுவிடாமல் அடுக்குவார். தக்கவைத்தல், விழித்திரைகள், இன்னும் மோசமானது, இருப்புக்கொள்ளாத தவிப்பு, சாயம் ஏற்றுபவர், பைன் பிசின் மணக்கும் கிரேக்க ஒயின், மெழுகுவத்திக்குப் பயன்படும் கொழுப்பு என்று பொருளில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத கூட்டம். கூடவே ஓ என்ற எழுத்தையும் சேர்த்தால், பல நோட்டரிகளும் மணமாகாத ஸ்பானியப் பெண் ஒருத்தியும் ஒரே எட்டு எழுத்துகளிலிருந்து எழுந்து வருவார்கள்.

ஒரே எழுத்துகளாலான நீண்ட சொற்களை இப்படிக் கொத்துக் கொத்தாக மனப்பாடம் செய்வதே போட்டி ஆட்டக்காரர்களின் முதன்மைப் பயிற்சி. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் கலைத்து அடுக்கி, அந்தக் கலைந்த வடிவத்தைப் பார்த்ததும் சொல் நினைவுக்கு வரும்படி பழகுவார்கள். தாங்கியில் இருக்கும் ஏழு எழுத்துக் கட்டைகளையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினால் 50 புள்ளிகள் கூடுதல். ஆகவே ஏழெட்டு எழுத்துச் சொற்கள்தான் வெற்றியைத் தீர்மானிக்கின்றன. போட்டியில் செல்லுபடியாகும் சொற்களைத் தொகுத்த காலின்ஸ் பட்டியலில் ஏழெழுத்துச் சொற்கள் மட்டும் 34,000-க்கு மேல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க முடியாது என்பதால், கைக்கு வர அதிக வாய்ப்புள்ளவற்றிலிருந்து தொடங்குவார்கள்.

அந்த வாய்ப்புக் கணக்கு ஆட்டம் பிறந்தபோதே அதற்குள் வந்துவிட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே கட்டைகளின் அளவை வகுத்தார். நூறு கட்டைகளில் ஈ பன்னிரண்டு, கியூ ஒன்றே ஒன்று. எஸ் நான்குதான், எதற்கும் எஸ் ஒட்டிப் பன்மையாக்கிப் பிழைத்துக்கொள்ளும் வழியை அவர் அடைத்துவிட்டார். மொழியை எழுத்துகளின் எண்ணிக்கையாகப் பார்த்தவர் செய்த ஆட்டத்தை, ஆட்டக்காரர்களும் அப்படியே பார்ப்பதில் என்ன குற்றம்?

இந்த முறையின் வலிமைக்கு நைஜல் ரிச்சர்ட்ஸ் போதும். நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழும் இவர் ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலக வாகையர். 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி உலகப் போட்டியையும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. ஒன்பது வாரங்களில் சொற்பட்டியலை உள்வாங்கியதாக நண்பர்கள் சொன்னார்கள். நன்றி சொல்லவும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. 2024-இல் ஸ்பானிய மொழிப் பட்டமும் அவரிடமே போனது. இதைச் சர்க்கஸ் வித்தை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பலகையில் ஏற்கெனவே கிடக்கும் எழுத்தோடு தன் கையில் உள்ளதைப் பொருத்தி, பையில் எஞ்சியதைக் கணித்து, எதிராளிக்கு இடம்விடாமல் சில நிமிடங்களில் முடிவெடுப்பது கிளிப்பிள்ளைப் பாடத்தால் வருவதில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பொருளைக் கழற்றியதும் தாய்மொழிக்காரரின் சலுகையும் கழன்றுவிடுகிறது. 2003-லும் 2009-லும் ஆங்கில உலகப் பட்டம் தாய்லாந்துக்குப் போனது. 2015-இல் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரே வென்றார். ஆங்கிலத்தில் உச்சரிப்பையும் படித்த பள்ளியையும் வைத்து ஆளை எடைபோடும் உலகில், பட்டியலைப் படித்தவன் எவனும் சமம் என்று சொல்லும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

குறை எங்கே தொடங்குகிறது என்றால், இதே பயிற்சியைச் சொல்வளம் என்று விற்கும்போது. 'பிள்ளைக்கு இங்கிலீஷ் நல்லா வரும்' என்று நம்பிப் பெற்றோர் ஸ்கிராபிள் வகுப்பில் சேர்க்கிறார்கள். எழுத்துக்கூட்டல் நிச்சயம் தேறும். அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் வேகத்துக்காக முதலில் கைவிடப்படுவதே பொருள்தான். நம் திண்ணைப் பள்ளிகளிலும் மனப்பாடம் இருந்தது. அங்கே ஓதப்பட்ட சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமைப்படி அடுக்குகிறது. அங்கே பொதுவாக வரும் எழுத்து நினைவுக்குப் பிடிகயிறு. அதைப் பற்றி இழுத்தால் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களும் கூடவே வரும். ஸ்கிராபிள் பட்டியலில் கயிறு மட்டும்தான் கையில் மிஞ்சுகிறது. ஆட்டத்துக்கு அது போதும். கல்விக்குப் போதாது.

பொருள் தேவையில்லை என்ற ஆட்டக்காரர்களின் வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. அது 2021-இல் வெளிப்பட்டது. வட அமெரிக்காவுக்கு வெளியே ஆட்டத்தின் உரிமையை வைத்திருக்கும் மேட்டல் நிறுவனம் இன, பாலின வசைகள் சுமார் 400-ஐப் பட்டியலிலிருந்து நீக்கச் செய்தது. எதிர்ப்புக் கிளம்பியது. பலகையில் சொல்லுக்குப் பொருளே இல்லை, வெறும் புள்ளிதான், வெற்று எழுத்துக்கோவை யாரைப் புண்படுத்தும் என்றார்கள். அப்படியானால் ஒரு கோவை போனால் இன்னொன்று. இத்தனை கோபம் எதற்கு? படித்த உழைப்பு வீணாகிறது என்ற வருத்தம் நியாயமானது. பொருளே இல்லை என்ற வாதம் அப்படியானதில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் அந்த வசையைத் தெருவில் கேட்டு வளர்ந்தவராக இருக்கலாம்; அவர் முன்னால் அது எழுத்துக்கோவையாக மட்டும் வந்து விழாது.

பொருளைத் திரும்ப ஒட்டினால் சுவையும் கூடத்தான் செய்கிறது. கியூவுக்குப் பின் யூ வராத சொற்கள் ஆட்டக்காரர்களுக்குப் பொக்கிஷம். ஃபக்கீர், காதி, தலாக் ஆகியவை அதில் உண்டு; ஈரானில் மலையடி நீரை நிலத்தடி வழியாகவே ஊருக்குக் கொண்டுவரும் கனாத் என்ற வாய்க்காலும் உண்டு. ஆங்கிலம் யார் யாரிடம் கடன் வாங்கியது என்ற வரலாறே அந்தச் சின்னப் பட்டியலுக்குள் கிடக்கிறது. படிக்கும்போது ஒரு கணம் நின்றால் போதும், கண்ணில் படும். நிற்காதவருக்குத் தோசையும் ஒரு விதிதான். காலின்ஸ் பட்டியலில் 'தோசா' ஒருமை. அதன் பின்னால் எஸ் ஒட்டலாம், ஐ-யும் ஒட்டலாம், இரண்டும் பன்மை. ஆக, நம் வீட்டுக் கல்லில் ஒன்றே ஒன்று வெந்தாலும் அது தோசைதான். அவர்கள் பலகையில் தோசை என்றால் குறைந்தது இரண்டு, ஆறு புள்ளி.