வளர்ப்பு வீட்டுக்குத் திரும்பி வருபவர் கேட்பது என்ன?

2009 ஜூலையில் ‘ஆர்ஃபன்’ என்ற ஹாலிவுட் படம் திரைக்கு வந்தது. அநாதை இல்லத்திலிருந்து தத்தெடுத்து வந்த சிறுமி, தன்னை ஏற்றுக்கொண்ட குடும்பத்தையே ஒவ்வொருவராக வேட்டையாடுகிறாள் என்பது கதை. முன்னோட்டத்தில் இருந்த ஒரு வசனம் தத்துப் பிள்ளைகளை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதும் தயாரிப்பு நிறுவனம் அதை மாற்றியது. அதே ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கான்பரா நாடாளுமன்ற மாளிகையின் பெருமண்டபத்தில் நரைத்த தலைகள் நிறைந்திருந்தன. அநாதை இல்லங்களிலும் அரசு விடுதிகளிலும் வளர்ப்பு வீடுகளிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்கள் அவர்கள். ‘மறக்கப்பட்ட ஆஸ்திரேலியர்கள்’ என்று அழைக்கப்படும் இவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 5 லட்சம். அவர்களிடம் பிரதமர் கெவின் ரட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

வளர்ப்புப் பிள்ளை ஒரு நாள் நம் முன் வந்து நின்றால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு ஒரே ஆண்டில் கிடைத்த இரண்டு பதில்கள் இவை. மக்கள் மனத்தில் தங்கியது முதல் பதில்தான்.

அது புதிதாகப் பிறந்த கற்பனையும் இல்லை. 1847இல் வெளிவந்த எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் லிவர்பூல் தெருவிலிருந்து தூக்கி வரப்பட்ட ஹீத்கிளிஃப், சில ஆண்டுகள் காணாமல் போய்ப் பணத்தோடு திரும்பி வந்து இரண்டு குடும்பங்களைச் சீரழிக்கிறான். 2001இல் வந்த ‘ஆளவந்தான்’ படத்தின் நந்துவைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாற்றாந்தாயின் கொடுமையில் சிதைந்த சிறுவன் வளர்ந்து கொலைகாரனாக நிற்கிறான். ‘வளர்த்த கடா மார்பில் பாயும்’ என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் பிறத்தியார் பிள்ளையைப் பற்றிய பயம் ஊறிப்போயிருக்கிறது.

ஆனால் நமக்கு மிகவும் பழக்கமான வளர்ப்புப் பிள்ளையின் கதை வேறு மாதிரிப் போகிறது. ஆற்றில் வந்த கர்ணனை எடுத்து வளர்த்தவர்கள் தேரோட்டி அதிரதனும் ராதையும். பிறப்பின் உண்மை தெரிந்த பிறகும், அரசும் உறவும் வாசலில் வந்து நின்ற பிறகும், அவன் வளர்த்தவர்களை விட்டுக்கொடுக்கவில்லை. அவனுடைய கோபமெல்லாம் அரங்கத்தில் குலம் கேட்டவர்கள்மீது. ‘தளபதி’ படத்தின் சூர்யாவுக்கும் அதே கோபம்தான். மெல்பர்ன் புறநகர் ஒன்றின் வளர்ப்புப் பராமரிப்பு முறையை எடைபோடும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: அந்தப் பிள்ளையின் கோபம் யார்மீது, எதனால்?

அந்தப் புறநகரான கிரெய்கிபர்ன், மெல்பர்ன் நகர மையத்துக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 65 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இராக்கிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும் இடம். இங்கே ரயில் ஏறினால் ராக்ஸ்பர்க் பார்க், கூலாரூ தாண்டி மூன்றாவது நிலையம் பிராட்மெடோஸ். மெல்பர்னின் வடமேற்கு வட்டாரக் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளை விசாரிக்கும் குழந்தைகள் நீதிமன்றம் அங்கேதான் 2015 முதல் இயங்குகிறது. ஒரு குழந்தை பெற்றோரிடம் பாதுகாப்பாக இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தால் முதலில் தேடுவது உறவினர் வீட்டை. அது அமையாதபோதுதான் ‘ஃபாஸ்டர் கேர்’ எனப்படும் வளர்ப்பு வீடு.

இந்த முறையின் முதல் பலம், அது பெரிய விடுதிகளுக்கு மாற்று என்பது. ருமேனியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு இதற்கு வலுவான சான்று. காப்பகங்களில் கிடந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மறுபாதிக்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு ஒட்டிப் பழகுவதிலும் மேலே வந்தார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் முன்னேற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பால் புகட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இரவில் அழுதால் எழுந்து வர ஒரே முகம் இருக்க வேண்டும் என்பது குழந்தையின் மூளைக்குத் தேவையான ஒன்று என்பதை அந்த ஆய்வு நிறுவியது.

இரண்டாவது பலம், சோதனையின் கண்டிப்பு. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பராமரிப்பாளராக விரும்புபவர் ஓர் அமைப்பின் மூலம் பதிவு செய்ய வேண்டும். பெர்ரி ஸ்ட்ரீட், ஆங்கிலிக்கேர் விக்டோரியா, மக்கிலப், ஓஸ்சைல்ட் போன்றவை அத்தகைய அமைப்புகள். காவல்துறைச் சரிபார்ப்பு, குழந்தைகளோடு பணியாற்றுவதற்கான அனுமதி, பயிற்சி வகுப்பு, வீட்டுக்கே வந்து நடத்தும் நேர்காணல்கள் என்று மாதக்கணக்கில் ஆகும். கிடைக்கும் படி செலவுக்கானது, சம்பளம் கிடையாது. அந்த அளவுக்குப் பொறுமை உள்ளவர்கள்தான் கடைசிவரை வந்து சேர்கிறார்கள்.

குறைகள் முதல் இரவிலேயே தொடங்குகின்றன. அவசர அழைப்பு வந்த அரை மணியில் ஒரு குழந்தை வாசலில் நிற்கும். உடைகளையெல்லாம் கறுப்புக் குப்பைப் பையில் திணித்து எடுத்து வந்திருப்பார்கள். வளர்ந்து பெரியவர்களான பிறகும் பலர் மறக்காமல் சொல்லும் பொருள் அந்தப் பை. சில வாரங்களில் இன்னொரு வீடு, இன்னொரு பள்ளி, அதே மாதிரி இன்னொரு பை. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் குழந்தை கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: ஒட்டிக்கொள்ளாதே. அடுத்த வீட்டில் அந்தக் குழந்தை தட்டை எறிந்தால், கதவை உதைத்தால், ‘முரட்டுப் பிள்ளை’ என்று கோப்பில் எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பே அதற்கடுத்த வீட்டுக்கு முன்கூட்டிப் போய்ச் சேர்கிறது.

வளர்ப்பு வீடு கிடைக்காத பிள்ளைகள் ஊழியர்கள் முறைவைத்து வேலை பார்க்கும் சிறு விடுதிகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒரு சாதாரண வீட்டில் பையன் கோபத்தில் கண்ணாடியை உடைத்தால் அப்பா திட்டுவார், பாக்கெட் மணியில் பிடித்துக்கொள்வார். விடுதியில் உடைத்தால் போலீஸ் வரும். விக்டோரியாவின் தண்டனை ஆலோசனை மன்றம் 2019இல் வெளியிட்ட அறிக்கை இதன் விளைவை எண்களில் காட்டியது. 2016, 2017 ஆண்டுகளில் தண்டனை பெற்ற அல்லது எச்சரித்துத் திருப்பப்பட்ட 5,063 சிறார்களில் 38 சதவீதம் பேர்மீது ஏற்கெனவே குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் வந்திருந்தது. 15 சதவீதம் பேர் வீட்டுக்கு வெளியே பராமரிப்பில் இருந்தவர்கள். அற்ப விஷயங்களுக்குக் காவல்துறையை அழைப்பதைக் குறைக்க 2020இல் மாநில அரசு ஒரு நெறிமுறையை ஏற்றது. பராமரிப்பில் வளர்பவர்களில் பெரும்பாலோர் சிறார் நீதித்துறையின் பக்கமே போவதில்லை என்பதையும் இந்த எண்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னும் பழைய அநியாயம் ஒன்று உண்டு. விக்டோரியாவில் நெடுங்காலம் ஒரு குழந்தையை அரசுப் பராமரிப்பில் எடுக்க அதை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள்; அந்தப் பதிவு பிற்காலத்தில் குற்றப்பதிவு போலவே அந்த மனிதரைத் துரத்தும். டாங்குருங் பழங்குடி மூத்தவர் லாரி வால்ஷ் பெயரில் அப்படிப் பதிவு ஏறியபோது அவருக்கு வயது இரண்டரை. இதை எதிர்த்து அவரைப் போன்றவர்கள் போராடியதன் பலனாக 2018இல்தான் அந்தப் பதிவுகளைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று சட்டம் வந்தது.

பதினெட்டு வயதில் கதவு சாத்தப்பட்டது இன்னொரு பெருங்குறை. பெற்ற பிள்ளைகள் இருபத்தைந்து வயதிலும் அம்மா சமையலுக்கு வீட்டுக்கு வரும் நாட்டில், தாங்க ஆளே இல்லாத பிள்ளையைப் பிறந்தநாளன்று வெளியே அனுப்பினார்கள். ‘ஹோம் ஸ்ட்ரெச்’ என்ற இயக்கம் பல ஆண்டுகள் வலியுறுத்தியதால், 2021 முதல் விக்டோரியாவில் எல்லோருக்கும் 21 வயதுவரை ஆதரவு நீட்டிக்கப்பட்டது. இது உண்மையான முன்னேற்றம். அந்த வயதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

அப்படி வெளியே போனவர்கள் பிறகு திரும்பி வந்தார்கள். எதற்காக வந்தார்கள் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் பெரும் ஆவணமே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு லியோனி ஷீடியும் ஜோயனா பென்குளேஸும் தொடங்கிய ‘கிளான்’ அமைப்பு, பராமரிப்பில் வளர்ந்தவர்களை ஒன்றுசேர்த்தது. பதாகைகளோடு நீதிமன்ற வாசல்களிலும் நாடாளுமன்ற வாசல்களிலும் அவர்கள் நின்றார்கள். நிறுவனங்களில் குழந்தைகள்மீது நடந்த பாலியல் வன்கொடுமைகளை விசாரிக்க 2013 முதல் 2017 வரை நடந்த அரச ஆணையத்தின் முன் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தனி அமர்வுகளில் தங்கள் கதையைச் சொன்னார்கள். மெல்பர்னின் துரானா, வின்லேட்டன், பால்டாரா அரசு விடுதிகளில் நடந்தவை அந்த ஆணையத்தின் 30ஆவது வழக்காய்வாகப் பதிவாயின. பராமரிப்புக்காக எடுக்கப்பட்ட பிள்ளைகளைக் குற்றம் செய்த சிறார்களோடு ஒரே கூரையின்கீழ் அடைத்திருந்தது அங்கே வெளிவந்தது.

வேறு சிலர் தம் கோப்பைத் தேடி வருகிறார்கள். அம்மா பெயர் என்ன, தம்பி எங்கே, நான் ஏன் கைவிடப்பட்டேன் என்பதுதான் அவர்கள் தேடும் பதில். கையில் கிடைக்கும் பக்கங்களில் பல வரிகள் கறுப்பு மை பூசி மறைக்கப்பட்டிருக்கும். பிறர் தனியுரிமை என்று காரணம் சொல்வார்கள். சொந்தச் சகோதரனின் பெயரே அந்தப் ‘பிறர்’ பட்டியலில் இருக்கும்.

அரச ஆணையத்தின் பரிந்துரையால் 2018 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய நிவாரணத் திட்டம் அதிகபட்சம் 1,50,000 டாலர் தருகிறது. அதில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி பணமல்ல. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், பொறுப்பான நிறுவனத்தின் பிரதிநிதி அவர் எதிரில் உட்கார்ந்து, கேட்டு, மன்னிப்புக் கோர வேண்டும் என்ற ஏற்பாடு. அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பிய பிள்ளைக்கு அரசு கொடுத்த நாற்காலி அது. ஆனால் பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால் மட்டுமே இந்தத் திட்டத்துக்குள் நுழைய முடியும். பட்டினி போடப்பட்டவர், பெல்ட்டால் அடிக்கப்பட்டவர், பத்து வீடு மாற்றப்பட்டவர் ஆகியோருக்கு அங்கே இடமில்லை. இந்தப் பாகுபாட்டைப் பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் தொடர்ந்து கண்டிப்பது நியாயமே.

இத்தனையையும் பார்த்தபின் பழிவாங்கும் வளர்ப்புப் பிள்ளை என்ற கதை எதை மறைக்கிறது என்பது தெரிகிறது. பிள்ளையின் கோபம் பொய்யானது இல்லை. அதை விதைத்தது அடிக்கடி வீடு மாற்றிய முறையும், வாயடைத்த கோப்பும், பிறந்தநாளில் சாத்திய கதவும். கதையோ கோபத்தை வளர்த்தவர் வீட்டுப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, முறையைத் தப்பவிடுகிறது. அந்தப் பயத்துக்கு விலையும் உண்டு. பராமரிப்பாளர் பற்றாக்குறை விக்டோரியாவில் தீராத பிரச்சினை. வீடு குறையக் குறைய விடுதிக்குப் போகும் பிள்ளைகள் கூடுகிறார்கள். கதை எதற்குப் பயந்ததோ அதையே வளர்க்கிறது.

பயத்தைக் குறைக்கும் வழி ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. 2007இல் விக்டோரியாவில் தொடங்கிய ‘சர்க்கிள்’ திட்டத்தில் பராமரிப்பாளரைத் தனியே விடுவதில்லை. குழந்தையின் மனக்காயத்தைப் புரிந்த சிகிச்சையாளர், அமைப்பின் பணியாளர், பள்ளி ஆசிரியர், முடிந்தால் பெற்றவர், எல்லோரும் ஒரு வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். தட்டு பறந்தால் யாரை அழைப்பது என்று பராமரிப்பாளருக்குத் தெரியும், அழைத்தால் எடுப்பார்கள். செலவு அதிகம். அதனாலேயே இது எல்லா வீடுகளுக்கும் எட்டவில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் மெலிந்தது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்பை அங்கீகரிக்கிறது. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தின்கீழ் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. நடைமுறையிலோ இல்லங்களே முதல் வழி. அங்கே வீடு கொடுத்து வந்தது சட்டத்துக்கு முன்பே இருந்த பழக்கம்: சித்தி வீடு, பெரியப்பா வீடு, ஆச்சி வீடு.

கிரெய்கிபர்ன் தமிழ்க் குடும்பங்களுக்கு இல்லாமல் போனது அந்த ஆச்சி வீடுதான். ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கு வெளியே பராமரிக்கப்படும் சுமார் 45 ஆயிரம் குழந்தைகளில் பாதிக்கும் மேல் உறவினரிடம் இருக்கிறார்கள். சொந்தமெல்லாம் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருக்கும் குடும்பத்தில் நெருக்கடி வந்தால், அந்தக் குழந்தைக்கு மிஞ்சுவது முன்பின் தெரியாதவர் வீடு. அங்கே தமிழில் ‘பசிக்குதா’ என்று கேட்க ஆள் இருக்குமா என்பது நம்மில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முழுநேரம் முடியாதவர்கள் மாதம் ஒரு வார இறுதி மட்டும் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளும் ஓய்வுப் பராமரிப்பில் தொடங்கலாம். தனியாக வாழ்பவரும் வாடகை வீட்டில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். தகவல் கேட்பது உங்களை எதற்கும் கட்டுப்படுத்தாது. இந்த வாரமே ஓர் அமைப்பைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். வாக்குக் கேட்டு வரும் உறுப்பினரிடம் ‘சர்க்கிள்’ போன்ற ஆதரவை எல்லா வளர்ப்பு வீடுகளுக்கும் எப்போது தருவீர்கள் என்று கேளுங்கள்.