மூலப்பிரதி எது? – பல கணினிகளில் மின்னஞ்சல் பேணுதல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கடிதம் என்பது ஓரிடத்தில் மட்டுமே இருக்கக்கூடிய பொருளாக நெடுங்காலம் விளங்கிற்று. எழுதியவர் கையைவிட்டு நீங்கியதும் அது பெற்றவர்க்கு உரியதாகிவிடும். அதனைப் பெட்டியில் வைத்தலும் கிழித்தலும் தீயிலிடுதலும் அவர் ஒருவரது செயலாகவே அமையும். மின்னஞ்சல் இவ்வுறவை மாற்றியமைத்தது என்பது பலரும் கூறும் செய்தியே. ஆயினும் அம்மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பது போதியளவு நோக்கப்படவில்லை. கடிதம் விரைந்து செல்லத் தொடங்கியமையை அத்துணைப் பெரிய மாற்றமாகக் கொள்வதற்கில்லை. தந்தியும் விரைந்தே சென்றது. ஒரே வாசகர் பணியிடத்தில் ஒரு கணினியும், இல்லத்தில் வேறொன்றும், பயணத்திற்கென ஒரு மடிக்கணினியும் வைத்திருக்கும் நிலை தோன்றியபோதே, பெற்ற கடிதம் எங்கே இருக்கின்றது என்ற வினா எழுந்தது. ஓரிடத்தில் வாசித்த கடிதம் மற்றோரிடத்தில் வாசிக்கப்படாததாக நிற்பதும், அழித்த கடிதம் சில நாட்களின் பின் மீண்டும் வந்து சேர்வதும் சிறு தொல்லைகளாகத் தோன்றலாம். பிரதிகளுள் எது மூலம் என்ற வினாவுக்கு விடை கூறாது விட்டதன் விளைவுகளே அவை.

இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை வெளியிடும் ஆர்.எவ்.சி. ஆவண வரிசையில் 1984 இல் இடம்பெற்ற 'பொப்' நெறிமுறை, பெயருக்கேற்பத் தபாற் கந்தோரை ஒத்தது. கடிதங்கள் சேவையகத்தில் வந்து காத்திருக்கும். வாசகரது கணினி அவற்றை எடுத்துச் செல்லும். எடுத்தபின் சேவையகத்தில் அவை அழிக்கப்படும். ஒரு கணினி மட்டும் உள்ளவர்க்கு இது நேரிய ஏற்பாடு. இரண்டாவது கணினி வந்தவுடன் கடிதங்கள் சிதறிப்போயின. 1986 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கத் தொடங்கிய 'ஐமப்' நெறிமுறை இதற்கு மாறான வழியை மேற்கொண்டது. அதன்படி கடிதங்கள் சேவையகத்திலேயே தங்கும். வாசகர் எந்தக் கணினியிலிருந்தும் அங்கு சென்று பார்ப்பர்.

கிறிஸ்பின் 1994 டிசெம்பரில் வெளியிட்ட ஆர்.எவ்.சி. 1733 என்னும் சிற்றாவணம் இவ்விடயத்தில் ஊன்றி வாசிக்கத்தக்கது. தொழில்நுட்ப ஆவணங்களை இலக்கியப் பிரதிகளை வாசிப்பது போல வாசிக்கலாகாது என்பாரும் உளர். ஆயின் ஒரு துறையின் எடுகோள்கள் அதன் வகைப்பாடுகளிலேயே வெளிப்படுகின்றன. கிறிஸ்பின் மூன்று மாதிரிகளைக் கூறுகிறார். முதலாவதில் கடிதங்கள் முற்றாக வாசகரது கணினிக்கு இறக்கப்படுகின்றன. இரண்டாவதில் சேவையகத்தோடு தொடர்ந்து இணைந்திருந்தே வாசிக்கப்படுகின்றன. மூன்றாவதில், தெரிந்தெடுத்த கடிதங்களின் தற்காலிகப் பிரதியோடு தொடர்பு துண்டிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் இணைந்து ஒத்திசைவு செய்யப்படுகின்றது. பயணஞ் செய்வோர்க்கும் பல கணினிகள் உடையோர்க்கும் மூன்றாவதே பெரிதும் பயன்பட்டது. சேமிப்பு வட்டுகள் விலையுயர்ந்திருந்த காலத்தில், பல்கலைக்கழக வளாகத்தின் எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் தம் கடிதங்களைக் காண முடிந்தமை சிறிய பேறன்று. அவ்வகையில் கிறிஸ்பினின் பணியைக் குறைத்து மதிப்பிடல் தகாது.

எனினும் இவ்வகைப்பாட்டில் ஓர் இடம் வெறுமையாக உள்ளது. கடிதங்கள் வாசகரிடம் இருத்தல் வேண்டுமெனின் கணினி ஒன்றாக இருத்தல் வேண்டும். கணினிகள் பலவெனின் கடிதங்கள் வேறொருவரது சேவையகத்தில் இருத்தல் வேண்டும். வாசகருக்குரிய பல கணினிகள், ஒன்றையொன்று சமமாக மதித்து, தம்முள் முழுப்பிரதிகளைப் பேணிக்கொள்ளும் நான்காவது மாதிரி அங்கு பேசப்படவில்லை. இதன் விளைவைப் பிற்கால ஆவணமொன்று வெளிப்படையாகக் காட்டுகின்றது. தொடர்பின்றி இயங்கும் மென்பொருள்களுக்கான நெறிகளை வகுக்கும் ஆர்.எவ்.சி. 4549 (2006) இன்படி, சேவையகம் தன் கடித இலக்கங்களின் செல்லுபடியைக் குறிக்கும் எண்ணை மாற்றிவிட்டால், வாசகரது கணினி அந்த அஞ்சற்பெட்டியின் உள்ளூர்ப் பிரதியை வெறுமையாக்கிவிடல் வேண்டும். நிறைவேறாதிருந்த செயல்களைத் தோல்வியுற்றனவாகக் கொள்ளலும் வேண்டும். தொழில்நுட்ப நோக்கில் இது நியாயமானதே. பழைய இலக்கங்களை நம்பித் தவறான கடிதத்தை அழிப்பதிலும் இது மேல். ஆனால் மூலம் யாரிடம் இருக்கின்றது என்பதை இவ்விதி ஐயத்திற்கிடமின்றி உரைக்கின்றது. வாசகர் தம் கணினியிற் காண்பது ஒரு நிழல். அந்நிழலைக் கலைக்கும் உரிமை சேவையகத்தினது.

பல இடங்களில் பிரதிகள் உள்ளமையால் கடிதங்கள் பாதுகாப்பாக உள்ளன என்ற நம்பிக்கை பரவலானது. 2011 பெப்ரவரியின் இறுதியில் ஜிமெயில் பயனாளர்களுள் ஏறத்தாழ 0.02 சதவீதத்தினர் தம் அஞ்சற்பெட்டிகளை வெறுமையாகக் கண்டனர். சேமிப்பு மென்பொருளில் ஏற்பட்ட வழுவே காரணமென நிறுவனம் அறிவித்தது. வெவ்வேறு தரவு நிலையங்களில் இருந்த பிரதிகளும் வழுவிலிருந்து தப்பவில்லை. இறுதியில் கடிதங்கள் மீட்கப்பட்டது, கணினி வலையமைப்போடு தொடர்பற்றிருந்த காந்த நாடாக்களிலிருந்து. ஒத்திசைவு என்பது நன்மையைப் போலவே தீமையையும் தாமதமின்றிப் பரப்பும் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒத்திசைந்த பிரதியும் காப்புப்பிரதியும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கு, மென்பொருள் விளம்பரங்களில் மாத்திரமன்றிக் கற்றோரது பேச்சிலும் காணப்படுவது வியப்புக்குரியது.

இனி, கடிதங்களைத் தம் கணினிகளிலேயே பேண விழைவோர் எதிர்கொள்ளும் நிலையை நோக்கலாம். யூனிக்ஸ் மரபில் வந்த 'எம்பொக்ஸ்' அமைப்பு, ஒரு பெட்டியின் கடிதங்கள் யாவற்றையும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் சென்றது. புதிய கடிதத்தின் தொடக்கத்தை அறிவிப்பது 'இவரிடமிருந்து' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் வரி. கடிதத்தின் உள்ளேயே ஒரு வரி அச்சொல்லிற் தொடங்கிவிட்டால் குழப்பம் நேரும் என்பதற்காக, அவ்வரியின் முன் ஓர் அம்புக்குறி செருகப்பட்டது. அதாவது சேமிப்பின் வசதிக்காகக் கடிதத்தின் பாடமே திருத்தப்பட்டது. ஏடுகளில் இடைச்செருகல் தேடிப் பழகிய தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தியாக இராது. எழுதுவோன் செய்த பிழையை இங்கு இயந்திரம் விதிப்படி செய்தது என்பதே வேறுபாடு. இரு கணினிகளில் இக்கோப்பு வெவ்வேறாக மாறிவிட்டாலோ, இரண்டையும் இணைப்பது பெரும் இடருக்குரியதாயிற்று.

டானியல் பேண்ஸ்ரைன் தமது 'கியூமெயில்' மென்பொருளுக்காக 1990களில் வகுத்த 'மெயில்டிர்' அமைப்பு இவ்விடரை எளிமையால் வென்றது. ஒவ்வொரு கடிதமும் தனிக்கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் பிறிதெங்கும் நிகழாத பெயர். எழுதப்பட்டபின் உள்ளடக்கம் மாறுவதில்லை. இத்துறையின் ஆக்கங்களுள் இத்தகைய தெளிவுடையவை மிகச்சில எனலாம். ஆயினும் கடிதத்தைத் தீண்டாது விட்ட பேண்ஸ்ரைன், வாசகரது சுவட்டைக் கோப்பின் பெயரில் ஏற்றினார். கடிதம் வாசிக்கப்பட்டதும் பெயரின் இறுதியில் ஓர் எழுத்துச் சேரும். பதில் எழுதப்பட்டால் இன்னோர் எழுத்து. முக்கியமெனக் குறித்தால் மற்றுமோர் எழுத்து. ஒரே கணினியில் இது அழகிய உத்தி. பல கணினிகளிடையே அதுவே முரண்பாட்டின் ஊற்றாயிற்று.

இதனை விளங்கிக்கொள்ளப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் பியேர்ஸ் உருவாக்கிய 'யூனிசன்' என்ற கோப்பு ஒத்திசைவு மென்பொருளை நோக்குதல் தகும். அவரும் பாலசுப்பிரமணியம் என்பாரும் 1998 இல் வெளியிட்ட கட்டுரை, கோப்பு ஒத்திசைப்பான் என்றால் என்ன என்ற அடிப்படை வினாவையே தலைப்பாகக் கொண்டது. யூனிசன் இரு பிரதிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதோடு அமைவதில்லை. இறுதியாக அவை ஒத்திருந்த நிலையைப் பதிவுசெய்து வைத்து, அதனோடும் ஒப்பிடுகின்றது. மூலபாடத் திறனாய்வாளர் கிளைப்பிரதிகளிலிருந்து ஊகித்து மீட்க வேண்டிய பொது முன்னோரை, யூனிசன் கையிலேயே வைத்திருக்கின்றது. எப்பிரதியில் எது மாறிற்று என்பதை அதனால் உறுதியாகக் கூற முடியும். அவ்வாறிருந்தும் மெயில்டிர்க் கடிதத்தில் அது இடறுகின்றது. பணியிடக் கணினியில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டதெனவும், அதே கடிதம் இல்லக் கணினியில் முக்கியமெனவும் குறிக்கப்பட்டதாகக் கொள்வோம். பெயர் மாற்றத்தை மென்பொருள் ஒரு கோப்பின் அழிவாகவும் மற்றொன்றின் பிறப்பாகவும் காண்கின்றது. பழைய பெயர் இரு பக்கமும் மறைந்தது. இரு புதிய பெயர்கள் தோன்றின. இரண்டும் இரு கணினிகளுக்கும் அனுப்பப்படுகின்றன. விதிப்படி யாவும் சரியாகவே நிகழ்ந்தும், ஒரு கடிதம் இரண்டாகிவிடுகின்றது. இங்கு குற்றம் யூனிசனுடையதாகாது. வாசித்தல் என்ற செயலைக் கோப்பின் அடையாளத்தோடு பிணைத்தமையே குற்றம்.

அழித்தல் இதனிலும் கடினமானது. புதிய கடிதம் வந்ததை அறிவிக்க அக்கடிதமே சான்றாக உள்ளது. அழிந்த கடிதத்திற்குச் சான்று எது? ஒரு கணினியில் இல்லாதது அங்கு அழிக்கப்பட்டதா, இன்னும் வந்து சேரவில்லையா என்பதை வெறுமை கூறமாட்டாது. செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1987 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, பல சேவையகங்களில் பேணப்பட்ட பெயர்ப் பதிவேட்டின்கண் இதே இடரைச் சந்தித்தது. ஒன்றை வெறுமனே நீக்கினால் வேறிடத்துப் பழைய பிரதி அதனை மீண்டும் உயிர்ப்பிக்கும். ஆகவே நீக்கிய ஒவ்வொன்றுக்கும் 'மரணச் சான்றிதழ்' ஒன்று எழுதிப் பரப்பப்பட்டது. சான்றிதழ்களை எக்காலமும் எவ்விடத்தும் வைத்திருக்க இயலாமையால், சில சேவையகங்களில் மட்டும் அவற்றை உறங்கவிட்டு, பழைய பிரதி தலைகாட்டும்போது எழுப்பும் முறையும் வகுக்கப்பட்டது. 1989 இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளும் அழிப்பின் எச்சக்குறிகளைக் கையாண்டது. அக்குறிகள் களையப்படும் காலத்தைக் கடந்து தொடர்பற்றுக் கிடந்த கணினி மீண்டும் இணைந்தால், மாண்ட ஆவணங்கள் யாவர் முன்னும் எழுந்து வந்தன. மறப்பதற்கும் ஒரு நினைவு தேவைப்படுகின்றது என்ற இவ்வுண்மையை மின்னஞ்சல் மென்பொருள்கள் பலவும் வாசகரிடம் கூறுவதில்லை.

டேவிட் மசியேரெஸ் உருவாக்கிய 'மச்சிங்க்' என்னும் மென்பொருள், கிறிஸ்பின் வெறுமையாக விட்ட இடத்தை நிரப்பும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. கடிதங்களுக்குச் சுட்டி அமைக்கும் 'நொட்மச்' மென்பொருளோடு இணைந்து இயங்கும் இது, ஒவ்வொரு கணினியும் எம்மாற்றம் வரை அறிந்துள்ளது என்பதற்குக் கணக்கு வைக்கின்றது. சேவையகமே மூலம் என்ற எடுகோள் இங்கு இல்லை. இரு கணினிகளில் ஒரே வேளையில் குறிகள் முரண்பட்டால் அது கையாளும் விதி சிந்தனைக்குரியது. பெரும்பாலான குறிகள் ஏதேனுமொரு பக்கத்தில் இருந்தாலே நிலைபெறும். 'வாசிக்கப்படாதது' என்பது போன்ற, புதிய கடிதங்களுக்கு இயல்பாக இடப்படும் குறிகளோ இரு பக்கமும் இருந்தால் மட்டுமே நிலைக்கும். எனவே ஓரிடத்தில் வாசித்தது எவ்விடத்தும் வாசித்ததாகின்றது. ஓரிடத்தில் முக்கியமெனக் குறித்தது எவ்விடத்தும் முக்கியமாகின்றது. எவ்வகைச் செயல் மனித இயல்பில் மீளப்பெற முடியாதது என்ற அறிவு இவ்விதியினுள் பொதிந்துள்ளது. கோப்புகளை மட்டும் நோக்கிய யூனிசனுக்குக் கிட்டாத அறிவு இது.

பிரித்தானிய நூலகம் 2011 இல் கவிஞர் வெண்டி கோப்பின் ஆவணங்களைப் பெற்றபோது, அவற்றுள் ஏறத்தாழ 40,000 மின்னஞ்சல்களும் அடங்கியிருந்தன. எழுத்தாளரின் கடிதங்களைத் தொகுப்போர்க்கு இனிமேல் கிட்டுவன இத்தகைய பெட்டிகளே. எக்கடிதம் வாசிக்கப்பட்டது, எதற்குப் பதில் எழுதப்பட்டது, எது அழிக்கப்பட்டபின் பழைய கணினியொன்றிலிருந்து மீண்டது என்பவை அத்தொகுப்பாளர் எதிர்கொள்ளப்போகும் பாடபேதங்கள். மச்சிங்க் போன்றவை இன்றுங்கூடக் கட்டளை வரியில் தேர்ந்தோர் சிலரது கருவியாகவே உள்ளன; கைத்தொலைபேசியில் அஞ்சல் பார்க்கும் பெரும்பான்மையோர்க்கு 1994 இன் வகைப்பாடே இன்னமும் நடைமுறையாகும். அவர்தம் கடிதங்களின் மூலப்பிரதி, அவர் பெயர்கூட அறியாத ஊரொன்றின் தரவு நிலையத்தில் இருக்கின்றது.