சூளை கேட்காது, கணினி கேட்கும்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் ஒரு கொலு பொம்மை உருவாவதைப் பாருங்கள். களிமண் கரைசலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு நீரை உறிஞ்சி ஓரத்தில் மண் படிந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, பொம்மையை எடுத்துப் பிசிறு சீவி உலர்த்த வேண்டும். அப்புறம்தான் சூளை. ஈரத்தோடு ஏற்றினால் வெடிக்கும். ஆறுமுன் திறந்தால் விரிசல் விடும். நவராத்திரி நெருங்கிவிட்டது என்று முதலாளி கத்தினாலும் சூளை கேட்காது.

வீடியோ கேம் துறையில் அப்படி மறுக்க ஒரு பொருளும் இல்லை. வெளியீட்டுத் தேதிக்கு முன் மாதக்கணக்கில் இரவும் ஞாயிறும் வேலை வாங்கும் ‘கிரஞ்ச்’ அங்கே வேரூன்றியதற்கு இதுவே முதற்காரணம் என்பேன். நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள் வேறு: தரம், ஆர்வம்.

தரத்தைச் சோதித்துப் பார்க்கலாம். கட்டாயக் கூடுதல் வேலை இருக்காது என்று சொல்லியிருந்த போலந்தின் சிடி ப்ராஜெக்ட், 2020 செப்டம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றது. டிசம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’-ல் பிழைகள் மலிந்திருந்தன. சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. ஓர் உதாரணம் எல்லாவற்றையும் நிரூபிக்காதுதான். ஆனால் கூடுதல் நேரம் தரத்துக்கு உத்தரவாதம் அல்ல என்பதற்கு இது போதும்.

ஆர்வம்? 2004-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி கிரஞ்சைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதிய கடிதம் அத்துறையையே உலுக்கியது. மிகைநேர ஊதியம் கேட்ட வழக்குகளில் அந்நிறுவனம் சமரசத்துக்கு வந்து, ஓவியர்களுக்கு 1.56 கோடி டாலரும் நிரலாளர்களுக்கு 1.49 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டது. ஆர்வம் என்று சொல்லி வாங்கிய உழைப்புக்கு விலை இருந்திருக்கிறது.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு வாதத்துக்கு எடை உண்டு. இந்திய ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் ஒப்பந்த வேலை செய்பவை. தேதியைக் குறிப்பவர் வேறு நாட்டில் இருக்கிறார். 2025 பிப்ரவரியில், இங்கே ஸ்டூடியோக்கள் வைத்திருந்த பாரிஸின் அனிமேஷன் நிறுவனம் டெக்னிகலர் நொடித்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. இங்குள்ள மேலாளர் நல்லவராகவே இருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் இது கிரஞ்சுக்கு நியாயம் ஆகாது. பேரம் பேச ஆள் வேண்டும் என்பதற்குத்தான் நியாயம்.

பீங்கான் தொழிலைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சூளை அவசரத்தைத் தடுக்கும், சிலிக்காத் தூசியைத் தடுக்காது. அது நுரையீரலைத் தின்றுவிடும். அதற்குச் சட்டமும் ஆய்வாளரும் தேவை. கேம் துறைக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. நடந்ததோ நேர்மாறு. வேலைநேரம், விடுப்பு, பணிநீக்கம் எல்லாவற்றுக்கும் எழுதிய விதிமுறை கேட்ட 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐ.டி., அனிமேஷன், கேமிங் துறைகளுக்குக் கர்நாடகம் 2019-ல் விலக்கு அளித்து, 2024-ல் நீட்டித்தது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016-ல் தெளிவுபடுத்தியது. இவ்விரண்டில் அதுவே சரியான திசை.

விலக்கோடு குறைதீர் குழு அமைக்கும் நிபந்தனையும் இருந்தது என்பார்கள். உண்மைதான். அந்தக் குழுவில் உட்காரும் ஊழியர் மறுநாள் அதே மேலாளரிடம்தான் விடுப்புக் கேட்க வேண்டும். பின்னால் சங்கம் இல்லாமல் அவர் எவ்வளவு பேசிவிடுவார்?