கறுத்தப்பாலத்திலிருந்து ஒரு மாதிரிப் புத்தகம்

சில மாதங்களுக்கு முன் செங்கலடிச் சந்தியில் தேநீர்க்கடையொன்றில் இளைஞரொருவர் தன் பையிலிருந்து நூலால் தைத்த புத்தகமொன்றை எடுத்துத் தந்தார். 42 புகைப்படங்கள், ஒரேயொரு பிரதி. அச்சுக்குப் போகுமுன் கையால் கட்டிப் பார்க்கும் மாதிரி. இளம் புகைப்படக்காரரின் முதற் புத்தகத்துக்கு உதவும் வெளிநாட்டு நிதியொன்றுக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டிருந்தது. "சேர், இதில சண்டையுமில்ல, சாவுமில்ல. ஆர் காசு தருவான்?" என்றார். அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது.

கவிதைத் தொகுதியென்றால் நாம் எப்படியோ போட்டுவிடுகிறோம். கைக்காசு, மனைவியின் நகை, முதற் பிரதி பெறும் தனவந்தர் என்று நமக்கென ஒரு பொருளாதாரம் உண்டு. புகைப்படப் புத்தகம் அப்படியல்ல. தடித்த தாள், வர்ண அச்சு, நிறம் பிசகினால் மீண்டும் அச்சு. மேற்கிலும் அச்சுச் செலவின் பெரும்பகுதியைக் கலைஞரே கொண்டுவர வேண்டுமென்பது பல பதிப்பகங்களின் வழக்கம். இந்த இடைவெளியை நிரப்பவே இத்தகைய நிதிகளும் விருதுகளும் வந்தன.

லண்டனின் மாக் பதிப்பகம் 2012இல் தொடங்கிய முதற் புத்தக விருது, வென்றவரின் நூலைத் தானே பதிப்பித்தது. 2017இல் அதை வென்ற எம்மானுவேல் அன்ட்ரியான்ஜாபி மடகஸ்காரில் பிறந்தவர், பொறியியல் படித்தவர். தான் குடியேறிய டக்கார் நகரில் அந்நியமாய் நின்ற மனநிலையையே படமாக்கியிருந்தார். அங்கும் சண்டையில்லை. ஆகவே தம்பியின் குற்றச்சாட்டு பாதிதான் உண்மை.

மறுபாதி விண்ணப்பத்தில் இருக்கிறது. படைப்பாளி தன் படைப்பை ஆங்கிலத்தில் விளக்க வேண்டுமாம். யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். 'மோதல் வலயம்', 'ஆறாத காயம்' என்றெல்லாம் அதில் வருகிறது. படங்களில் அவை இல்லை. படம் ஒன்றைச் சொல்ல, விளக்கம் வேறொன்றைச் சொன்னது. காசு தருபவர் எதை விரும்புவார் என்று நாமே ஊகித்து, நம் படைப்பை அதற்குள் மடித்து வைப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து.

படங்களுக்கு வருகிறேன். ஏறாவூரும் செங்கலடியும் அயல் ஊர்கள். 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் நடந்த படுகொலைக்குப் பின் அந்தக் குறுகிய தூரம் எவ்வளவு நீண்டதென்பதை என் வயதுக்காரர் அறிவர். ஒரு படத்தில் ஏறாவூர் நானா ஒருவர் சாரத்தை விரித்துக் காட்ட, செங்கலடி அம்மா ஒருவர் கரையைத் தடவிப் பார்க்கிறார். முகமில்லை, நான்கு கைகள் மட்டும். எதிர்ப்பக்கத்தில் கறுத்தப்பாலம். இராணுவத்தின் பக்கத்தையும் புலிகளின் பக்கத்தையும் ஒருகாலத்தில் பிரித்த இடத்தில் ஒரு கன்றுக்குட்டி நிற்கிறது. இந்த இரு பக்கங்களுக்கும் விளக்கமெதற்கு? ஆனால் வாவியின் அந்திச் சூரியன் ஒன்பது தடவை வருகிறது. அது கலண்டர்க்காரரின் வேலை. அவற்றை நீக்கினால் மிஞ்சும் 33 படங்களும் ஒரு நூல்.

சுவரில் உருவப்படம் மாட்டத் தயங்கும் நம் வீடுகளில் அல்பம் அலுமாரிக்குள் இருந்தது. பெருநாளில் உம்மா எடுப்பார்; எல்லோரும் சூழ்ந்திருந்து பார்த்து மூடி வைப்போம். புகைப்படப் புத்தகம் நமக்கு அந்நியமான வடிவமல்ல. ஆயினும் நம் சஞ்சிகைகளில் புகைப்படம் பெரும்பாலும் வெற்றிடத்தை நிரப்பவே பயன்படுகிறது.

லயனல் வென்ற் 1944இல் மறைந்தார். அவரது படங்களின் பெருந்தொகுதி லண்டனில் வெளிவந்தது 1950இல். வசதி படைத்தவருக்கே அந்த நிலை. இலங்கைத் தந்தைக்குப் பிரான்சில் பிறந்த வசந்த யோகானந்தனோ 2014இல், தான் இணைந்து தொடங்கிய பதிப்பகத்திலேயே தன் முதல் நூலைக் கொண்டுவந்தார். நிதியும் வேண்டும், அது வராதபோது வேறு வழியும் வேண்டும். நிதி தருவோரிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: விண்ணப்பம் தமிழிலும் ஏற்கப்பட வேண்டும், அச்சாகும் பிரதிகளில் ஒரு பங்கு எடுக்கப்பட்ட ஊரின் நூலகங்களுக்கு வர வேண்டும்.

அந்த ஆங்கில விளக்கத்தைக் கிழித்துவிடுங்கள், தமிழில் நான் எழுதித் தருகிறேன் என்றேன். தம்பி சற்று யோசித்தார். "நான் சொல்றன், நீங்க எழுதுங்க சேர்" என்றார். அதுதான் முறை.